ஆங்கிலச் சொல்வளம் பெறும் வழி

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்று மொழிகள் இன்றியமையாதன ஆகிவிட்டன. வீட்டிற்குத் தமிழ், வீதிக்கு இந்தியோ, மராத்தியோ, வங்காளியோ, பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் ஆங்கிலம். இம்மூன்றனுள் பெற்றோர்க்குப் பெருங்கவலை தருவது ஆங்கிலமே. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசத்தான் பேசுகின்றனர். ஆனால் ஒரு நல்ல நாளிதழின் தலையங்கத்தைக் கையிற் கொடுத்தால் மூன்றாம் வரியிலேயே திகைத்து நிற்கின்றனர். போட்டித் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் கருத்து இருந்தும் அதற்கேற்ற சொல் வராமல் இடர்ப்படுகின்றனர். உடனே பெற்றோர் கடைக்குச் சென்று கடினச் சொற்களைத் தொகுத்த நூலொன்றை வாங்கி, நாள்தோறும் 50 சொற்களை மனனம் செய்யுமாறு பணிக்கின்றனர். ஒரு திங்கள் கழித்துப் பார்த்தால் நூல் அலமாரியிலும், சொற்கள் காற்றிலும் இருக்கக் காண்கிறோம்.

இம்முயற்சி ஏன் பயனற்றுப் போகிறது, பயன்தரும் வழி எது என்பவற்றைச் சற்று விரிவாக ஆராய்வது நம் குடும்பங்கட்கு நலம் பயக்கும் எனக் கருதுகிறோம்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் எத்தனை என்று கேட்பது ஆற்று மணலை எண்ணப் புகுவதை ஒக்கும். 1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியில் ஏறத்தாழ 42,000 சொற்கள் இடம்பெற்றன. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதற்பகுதி 1884-இல் வெளிவந்து, பணி முற்றுப்பெற 1928 வரை ஆயிற்று. 1989-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 20 பெருந்தொகுதிகளாக விரிந்தது. அத்தனையும் அறிந்தவர் ஆங்கில நாட்டிலும் இலர். ஆகவே மலைத்து நிற்க வேண்டுவதில்லை.

சொற்கள் யாவும் ஒரே அளவில் வழங்குவன அல்ல. சில சொற்கள் அடிக்கடி வரும். மிகப் பல அரிதாகவே வரும். இவ்வுண்மையைப் பாடநூலுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர். அவர் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்தவர். வங்காளச் சிறுவர்களின் இடர்ப்பாட்டை நேரிற் கண்டே சொற்களை எண்ணித் தேர்ந்து பாடநூல்களை இயற்றினார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. சாதாரண ஆங்கில உரைநடையில் 100 சொற்களை எடுத்தால் ஏறக்குறைய 80 இப்பட்டியலில் அடங்கிவிடும். நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடியுமுன்னரே இப்படியைக் கடந்துவிடுகின்றனர்.

இதற்கு அடுத்த படியே முக்கியமானது. நியூசிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் கல்விச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். வெஸ்டின் பட்டியலில் இல்லாதனவும், எத்துறை நூலிலும் பயின்று வருவனவுமாகிய 570 சொற்குடும்பங்களை அவர் தொகுத்தார். கல்வி நூல்களில் நூற்றுக்குப் பத்துச் சொற்கள் இவையே. அனலைஸ், கான்செப்ட், ஹைபாதெசிஸ், சிக்னிஃபிகன்ட் போன்றவை இவ்வகையின. இவற்றில் ஒன்றேனும் பகட்டான சொல்லன்று. ஆயினும் பொருளியல் படித்தாலும் பொறியியல் படித்தாலும் இவையின்றி ஒரு பக்கமும் நகராது. அதே நாட்டு அறிஞர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டபடி, நாளிதழையும் நாவலையும் பிறர் துணையின்றிப் படித்துணர 8,000 முதல் 9,000 வரை சொற்குடும்பங்கள் போதும். சொற்குடும்பம் என்பது உழு, உழவு, உழவர் என்பனபோல ஓரடியிற் கிளைத்த சொற்களின் கூட்டம்.

ஆக, 2,000-ஐ அடைந்துவிட்ட மாணவர் 8,000-ஐ எட்ட இடையில் உள்ளவை 6,000 மட்டுமே. நாளொன்றுக்கு ஐந்து சொற்கள், ஆண்டுக்கு 300 நாள் எனக் கொண்டால் நான்கே ஆண்டுகளில் இது கைகூடும். ஐம்பது சொல்லை நெட்டுருச் செய்து நாற்பத்தொன்பதை இழப்பதினும் ஐந்து சொல்லைக் கற்று ஐந்தையும் காப்பது மேலன்றோ? அமெரிக்கக் கல்லூரிகளில் நுழைவதற்குரிய சாட் தேர்வுகூட 2016-இல் திருத்தியமைக்கப்பட்டபோது, அருகிய சொற்களைச் சோதிப்பதைக் கைவிட்டு, வழக்கிலுள்ள சொல்லை இடமறிந்து பொருள் கொள்ளும் திறனைச் சோதிக்கலாயிற்று.

வேரும் கிளையும்

தனித்தனிச் சொல்லாகக் கற்பதினும் வேரறிந்து கற்பது எளிது. பார்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது ஸ்பெக்ட் என்னும் உறுப்பு. உள்ளே நுழைந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். பின்னோக்கிப் பார்ப்பது ரெட்ராஸ்பெக்ட். முன்னோக்கித் தெரிவது ப்ராஸ்பெக்ட். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவர் ஸ்பெக்டேட்டர். சுற்றுமுற்றும் பார்த்து எச்சரிக்கையுடன் அடியெடுத்து வைப்பவன் சர்கம்ஸ்பெக்ட். அதுபோன்றே காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய க்ரானாஸ் என்பதை அறிந்தோர்க்கு, நாட்பட்ட நோயைச் சுட்டும் க்ரானிக், கால முறைப்படி எழுதிய வரலாறாகிய க்ரானிக்கிள், ஒரே காலத்தில் நிகழச் செய்யும் சிங்க்ரனைஸ், காலத்தோடு பொருந்தா வழுவாகிய அனாக்ரனிசம் ஆகிய நான்கும் ஒரு கொத்தாகக் கைவரும்.

எனினும் வேரை மட்டும் நம்பிப் பொருள் துணிதல் ஆபத்து. நைஸ் என்னும் இனிய சொல், அறியாமை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று வந்தது; முற்காலத்தில் மூடன் என்றே பொருள்பட்டது. இன் என்னும் முன்னொட்டுப் பெரும்பாலும் எதிர்மறை காட்டும். ஆனால் எண்ணெய் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்புறம் எழுதப்பட்டுள்ள இன்ஃப்ளேமபிள் என்பதற்குத் தீப்பற்றாதது என்று பொருள் கொண்டால் உயிருக்கே கேடு. எளிதில் தீப்பற்றுவது என்பதே அதன் பொருள். இக்குழப்பம் நேராதிருக்கவே முன்னொட்டு இல்லாத ஃப்ளேமபிள் என்னும் சொல்லைப் பாதுகாப்புத் துறையினர் விரும்பி வழங்குகின்றனர். வேர் நினைவுக்கு உதவும் ஊன்றுகோல், அகராதியே வழிகாட்டி.

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்குப் பல சொற்கள் மலிந்திருப்பதற்கு வரலாறே காரணம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அரசவையில் பிரெஞ்சும், திருச்சபையிலும் கல்வியிலும் இலத்தீனும், குடிமக்கள் நாவில் பழைய ஆங்கிலமும் வழங்கின. அதனால் ஆஸ்க், கொஸ்சன், இன்டெராகேட் என மூன்று அடுக்குகளில் சொற்கள் நிற்கின்றன. தாய் மகனைக் கேட்பது முதலாவது; அவையில் வினவுவது இரண்டாவது; காவல் அதிகாரி விசாரிப்பது மூன்றாவது. சோறு, சாதம், அன்னம் என்பன ஒரே பொருள் குறித்தும் ஒரே இடத்தில் நில்லா என்பதை அறிந்த நமக்கு இந்நுட்பம் புதிதன்று.

நிகண்டு தந்த பாடம்

ஒரு பொருட் பன்மொழிகளைத் திரட்டித் தரும் ஆங்கில நூல்களுள் தலையாயது பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் 1852-இல் வெளியிட்ட தெசாரஸ். கருவூலம் என்பது அச்சொல்லின் பொருள். அகர வரிசையை விடுத்து, கருத்து வரிசையில் ஆறு பெரும் வகுப்புகளாகச் சொற்களை அவர் பகுத்தார். மேனாட்டார் வியந்த இம்முறை நம்மவர்க்குப் பழைமையானது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே திவாகரரும், பின்னர்ப் பிங்கலரும், சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடரும் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் எனத் தொகுதி தொகுதியாகச் சொற்களை அடுக்கிவைத்தனர். திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் அவற்றை ஓசையோடு பாடி மனத்திற் பதித்தனர்.

இதனால் நாம் பெறும் பாடங்கள் இரண்டு. ஒன்று, சொற்களை இனஞ்சேர்த்துக் கற்க வேண்டும்; மற்றொன்று, வாய்விட்டுச் சொல்லிக் கற்க வேண்டும். ஆயின் ஓர் எச்சரிக்கை உண்டு. ஓரினச் சொற்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றாகா. த்ரிஃப்டி என்றால் சிக்கனமுடையவர். ஸ்டிஞ்சி என்றால் கஞ்சர். முன்னதைச் சொன்னால் மாமனார் மகிழ்வார். பின்னதைச் சொன்னால் முகம் திரும்பும். ஃபேமஸ் என்பது புகழ். நொட்டோரியஸ் என்பது பழியால் பரவிய பெயர். வரவேற்புரையில் சிறப்பு விருந்தினர்க்குப் பின்னதைச் சூட்டினால் விழா எவ்வாறு முடியும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1775-இல் ஷெரிடன் எழுதிய நாடகத்தில் மாலப்ராப் என்னும் அம்மையார் முதலையைக் குறிக்கும் அலிகேட்டர் என்பதற்கு மாறாக, உருவகக் கதையைக் குறிக்கும் அலிகரி என்று கூறி அவையோரை நகைக்கச் செய்கிறார். பெருஞ்சொல்லின் மீது ஆசையும் பொருளின் மீது அசட்டையும் உடையார் அனைவர்க்கும் அவ்வம்மையார் ஓர் எச்சரிக்கைப் பலகையாவர்.

சொல்லுக்கும் சுற்றம் உண்டு

ஒரு சொல்லின் பொருளை மட்டும் அறிதல் அதனை அறிந்ததாகாது. அது எச்சொற்களோடு கூடி வாழ்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கிறது. பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, தென்னைக்குப் பிள்ளை எனப் பேசுவதே மரபு. மாற்றிச் சொன்னால் இலக்கணப் பிழை இல்லையேனும் கேட்பவர் நகைப்பர். ஆங்கிலத்திலும் ஆட்டுக்கு கிட், பசுவுக்கு காஃப், கரடிக்கு கப், குதிரைக்கு ஃபோல் எனத் தனித்தனிப் பெயர்கள் உள. இளமைப் பெயர்க்கு மட்டுமன்று, அடைமொழிக்கும் இம்மரபு உண்டு. மழை ஹெவியாகப் பெய்யும். காப்பி ஸ்ட்ராங்காக இருக்கும். இவ்விரண்டையும் இடம் மாற்றினால் ஆங்கிலர் செவிக்கு அது பொருந்தாது. எனவே, குறிப்பேட்டில் தனிச்சொல்லை எழுதாமல், அது வாழும் தொடரோடு சேர்த்தெழுதுதல் சாலச் சிறந்தது.

நம் நாட்டு ஆங்கிலத்தின் தனிப் பழக்கங்களையும் அறிந்திருத்தல் நன்று. சந்தேகம் என்னும் நம் சொல் ஐயத்தையும் குறிக்கும். தெளிவு வேண்டிக் கேட்கும் கேள்வியையும் குறிக்கும். அதனை அப்படியே டவுட் என்று பெயர்த்து, அயல்நாட்டு அதிகாரியிடம் உங்கள் அறிக்கையில் எனக்கு ஒரு டவுட் என்று நம் இளைஞர் சொல்லின், அவர் தம்மை நம்பவில்லை போலும் என்று எண்ணிக்கொள்வார். விளக்கம் கேட்பதாயின் கொஸ்சன் என்பதே தக்க சொல். அவ்வாறே ரிவர்ட் என்பதை மறுமொழி தருக என்னும் பொருளில் நம் அலுவலகங்கள் வழங்குகின்றன; பிற நாட்டார்க்கு அது பழைய நிலைக்குத் திரும்புதலைக் குறிக்கும். இந்திய வழக்கு யாவும் இழுக்கு என்பது நம் கருத்தன்று. முன்தேதிக்கு மாற்றுதலைக் குறிக்கும் ப்ரிபோன் என்னும் சொல் ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இடம்பெற்றுவிட்டது. யாரிடம் பேசுகிறோம், எச்சொல் அவர்க்கு என்ன பொருள் தரும் என்பதை அறிந்து பேசுதலே உயர் சொல்வளம்.

நினைவிற் பதிக்கும் முறை

ஜெர்மானிய அறிஞர் எர்மன் எப்பிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து மறதியின் போக்கை அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். கற்றதிற் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே நழுவிவிடுவதை அவர் கண்டார். ஆயினும் இடைவிட்டு மீண்டும் மீண்டும் நோக்கின் நினைவு நிலைபெறும். இவ்வுண்மையைக் கொண்டு 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்னும் ஜெர்மானியர் ஓர் எளிய பெட்டி முறையை விளக்கினார். அதனை நம் வீடுகளிலும் கையாளலாம்.

ஐந்து அறைகள் கொண்ட ஓர் அட்டைப் பெட்டி போதும். சிறு அட்டையின் ஒரு பக்கம் சொல்லையும், மறுபக்கம் அதன் பொருளையும், அது வரும் ஒரு தொடரையும் எழுதுக. புதிய அட்டைகள் முதலறையில் இருக்கும். நாள்தோறும் முதலறையைப் பார்த்து, சரியாகச் சொன்ன அட்டையை இரண்டாம் அறைக்கு மாற்றுக. இரண்டாம் அறையைச் சில நாளுக்கொரு முறையும், அடுத்தடுத்த அறைகளை இன்னும் நீண்ட இடைவெளியிலும் பார்த்தால் போதும். தவறிய அட்டை எவ்வறையில் இருப்பினும் முதலறைக்கே திரும்ப வேண்டும். விடையைப் பார்க்குமுன் நினைவைத் துழாவிச் சொல்ல முயல்வதே இம்முறையின் உயிர். இன்று கைப்பேசியிலும் இம்முறை கிடைக்கிறது. எனினும் தம் கையால் அட்டை எழுதும் சிறுவர்க்கு எழுத்துக்கூட்டலும் உடன் படியும்.

அட்டைக்குரிய சொற்கள் எங்கிருந்து வரவேண்டும்? பிறர் தொகுத்த பட்டியலினின்று அன்று. தாம் படிக்கும் நூலினின்று. வேர்வழியே சொற்களைக் கற்பிக்கும் நார்மன் லூயிஸின் வேர்ட் பவர் மேட் ஈசி 1949-இல் வெளிவந்து, இன்றளவும் நம் நாட்டுப் புத்தகக் கடைகளில் விற்பனையாகிறது. தொடக்கத்திற்கு அது நற்றுணை. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நாள்தோறும் அரை மணி நேரம் நல்ல உரைநடையைப் படித்து, அதில் தடுக்கிய சொற்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அவற்றை அன்றே ஒரு தொடரில் அமைத்துப் பேசவோ எழுதவோ செய்தல் வேண்டும். அயல்மொழியாளர்க்கென ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி உருவாக்கிய அகராதி 1942-இல் தோக்கியோவில் முதலில் வெளியாயிற்று. 1948 முதல் ஆக்ஸ்போர்டு அச்சகம் வெளியிட்டு வருவது அதுவே. எளிய சொற்களால் பொருளும், வழக்குத் தொடரும் தருவதால் நம் பிள்ளைகட்கு மிகவும் ஏற்றது.

தமிழை விற்று ஆங்கிலம் வாங்குவதா?

இதுகாறும் கூறியவற்றினும் இன்றியமையாத ஒன்று உண்டு. ஆங்கிலம் வளர வேண்டுமாயின் வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டும் என்னும் எண்ணம் நம் குடும்பங்கள் சிலவற்றில் வேரூன்றி வருகிறது. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் இதனை நாம் காண்கிறோம். தாய்தந்தையர் தமக்கே முழுதும் வசப்படாத ஆங்கிலத்தில், சாப்பிடு, தூங்கு, படி என்னும் கட்டளைகளை மட்டும் பிள்ளைகட்குக் கூறுகின்றனர். கதை, கேலி, உறவுச் செய்தி, ஊர்ப் பெருமை, வழக்கு, மறுப்பு என விரிய வேண்டிய வீட்டுப் பேச்சு நூறு சொற்களுக்குள் சுருங்கிவிடுகிறது. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பேரன், பாட்டியின் அருகில் அமர்ந்து புன்னகைப்பதோடு நின்றுவிடுகிறான். பாட்டியிடம் இருந்த கருவூலம் பூட்டியவாறே கிடக்கிறது. இழப்பு தமிழுக்கு மட்டும் என்று எண்ணிவிடலாகாது; அவனது ஆங்கிலத்திற்கும் அதுவே இழப்பு.

எவ்வாறெனின், சொல் என்பது கருத்தின் மேலிட்ட பெயர்ச்சீட்டு. கருத்து உள்ளத்தில் இல்லாதவனுக்குச் சீட்டினால் என்ன பயன்? நன்றி மறவாமை, கூச்சம், மனக்குறை, பெருந்தன்மை என்பவற்றைத் தமிழில் கேட்டு உணர்ந்த பிள்ளைக்கு அவற்றின் ஆங்கிலப் பெயரைக் கற்க ஒரு நிமிடம் போதும். எம்மொழியிலும் அவற்றை உணராத பிள்ளைக்கு அகராதியும் உதவாது. முதன்மொழியில் பெற்ற ஆழம் இரண்டாம் மொழிக்கு அடித்தளமாகும் என்பதைக் கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் ஒரு கொள்கையாகவே எடுத்துரைத்தார்.

நம் முன்னோரே இதற்குச் சான்று. வலங்கைமானில் 1869-இல் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கியவர். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளிற் சென்று பேசி, வெள்ளி நாவினர் எனப் போற்றப்பெற்றார். அவர் வளர்ந்த சூழலில் ஆங்கிலம் வீட்டு மொழியன்று. அவருடைய ஆங்கிலத்தின் சிறப்பு சொல்லின் பருமனில் இல்லை. இடத்திற்கு உரிய ஒரு சொல்லைத் தேர்ந்து நிறுத்துவதில் இருந்தது.

ஆங்கிலமும் நம்மிடம் கடன்பட்ட மொழியே. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னலும், ஹென்றி யூலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் சொற்களஞ்சியம் இக்கடனுக்குச் சான்று பகரும். கறி கர்ரி ஆயிற்று. சுருட்டு செரூட் ஆயிற்று. மிளகுத்தண்ணீர் முல்லிகடாவ்னி என்னும் சூப்பாயிற்று. கட்டுமரம் கடல் கடந்து கேட்டமரான் ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. இவற்றைப் பிள்ளைகட்குச் சொல்லிப் பாருங்கள். இரு மொழிமீதும் ஆர்வம் ஒருங்கே பிறக்கும்.

செய்யத்தக்கவை

ஒவ்வொரு வீட்டிலும் ஆங்கில அகராதி ஒன்றும், ஆங்கிலம் - தமிழ் அகராதி ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியமும், 1992-இல் முதற்பதிப்பாக வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் நம்மனோர்க்குப் பெரிதும் உதவுவன. பின்னதில் தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் கிடைத்தலின், தமிழெழுத்து அறிந்த பிள்ளைகட்கு அது இருவழிப் பாலமாகும்.

இரவு உணவின்போது பிள்ளைகள் அன்று கற்ற ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கூறட்டும். பெரியோர் அவற்றுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைக் கூறட்டும். ஈடு கிடைக்காத சொல்லே அன்றைய பேச்சுக்குப் பொருளாகட்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை, ஆசிரியரும் வேண்டா, பதினைந்து நிமிடங்கள் போதும். நான்கு ஆண்டுகள் இதனைத் தவறாது செய்யும் குடும்பத்தில் பிள்ளைகள் ஆங்கிலத் தலையங்கத்தைத் தடையின்றிப் படிப்பர். பாட்டி எழுதும் கடிதத்தையும் அவர்களே படித்துக் காட்டுவர்.